வாஷர் எந்தப் பக்கம்?

அக்டோபர் 26, ஞாயிறு

தீபாவளி முடிந்தது, ஆலையும் பூட்டியாயிற்று. இனிப் பூஜை போட்டுத் திறக்கிற வரைக்கும் பட்டாசு ஆலைக் கணக்குப்பிள்ளைக்கு வேலை என்றால், பாக்கி வைத்திருக்கும் வெளியூர் வியாபாரிகளுக்குப் போன் போடுவதுதான். அவர்கள் எடுப்பதில்லை. ஆக, வீட்டைச் சுற்றிப் பார்க்க நேரம் கிடைக்கிறது. மீன்தொட்டி ஸ்டாண்டின் அடித்தட்டில் வெள்ளையாய்ப் பூத்திருப்பது இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

உப்பு. எம். புதுப்பட்டிப் பக்கம் போர்த் தண்ணீரைக் கொதிக்கவைத்தாலே பாத்திரத்தின் அடியில் படியும். சொட்டு விழுந்து காய்ந்தால் தண்ணீர் போய்விடும், உப்பு நின்றுவிடும். நல்ல தண்ணீர் ஊர்க்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது. அவர்கள் வீட்டுக் கசிவு சாட்சி வைக்காமல் போய்விடும்.

"ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு கொடம் ஊத்துறேன். வெயிலுக்கு வத்துதுன்னுல்ல நெனச்சேன்" என்றாள் வீட்டுக்காரி. அதுவும் பாதி உண்மை. மூடியில்லாத தொட்டி, மேலே ஃபேன், வானம் பார்த்த பூமியின் காற்று. ஆவியாகத்தான் செய்யும். அந்தச் சாக்கில்தான் கசிவு ஒளிந்துகொண்டிருக்கிறது. வினாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் நாளொன்றுக்கு நாலு லிட்டருக்கு மேல். இருபது சொட்டு ஒரு மில்லி என்று கணக்குப் போட்டால் வந்துவிடும்.

தொட்டி அண்ணன் மகன் வைத்தது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். 250 லிட்டர் பிடிக்கும். மீன்களைக் கொளத்தூரில் வாங்கி வந்தான். சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான். மஞ்சளும் நீலமுமாக எல்லாம் சிக்லிட், பூர்வீகம் ஆப்பிரிக்காவில் மலாவி ஏரி. அந்த ஏரித் தண்ணீரும் கடினத் தண்ணீர்தான். எங்கள் ஊர்த் தண்ணீரைக் குறை சொல்லாத ஜீவன் இந்த வீட்டில் அவை மட்டுமே. பையன் வேலை கிடைத்துப் போய்விட்டான். மீனும் குழாயும் சித்தப்பன் தலையில்.

அக்டோபர் 27, திங்கள்

குழாய் ஓடும் வழியை இன்று உட்கார்ந்து பார்த்தேன். தொட்டியின் பின்மூலையில் கண்ணாடியால் ஒரு குறுகிய பெட்டி. தொட்டித் தண்ணீர் அதன் விளிம்பைத் தாண்டி உள்ளே விழும். பெட்டிக்குள் நிமிர்ந்து நிற்கும் ஒரு குழாய் வழியாக, அடிக்கண்ணாடியில் போட்ட ஓட்டையில் இறங்கி, ஸ்டாண்டுக்குள் இருக்கும் சம்ப் என்கிற கீழ்த்தொட்டியில் சேரும். அங்கே பஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் புகுந்து வந்த தண்ணீரைப் பம்ப் மறுபடி மேலே ஏற்றும். இறங்குகிற வழி ஒன்று, ஏறுகிற வழி ஒன்று. சொட்டு எந்த வழியில் என்பதுதான் கேள்வி.

பம்ப்பை நிறுத்தினேன். ஏறுகிற குழாயில் கசிவு என்றால் அழுத்தம் போனதும் நிற்க வேண்டும். நிற்கவில்லை. பெட்டிக்குள் நிமிர்ந்த குழாயின் வாய்மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கும் அல்லவா, கசிவு அங்கேயிருந்துதான்.

ஆனால் அங்கே எந்த மூட்டு? தண்ணீர் குழாயின் புறத்தை ஒட்டியே வழிந்து கீழே எல்போவின் முதுகில் தொங்கும். பார்க்கிறவர் எல்போவைத்தான் சந்தேகிப்பார். இதற்குச் சிவகாசிக்காரனிடம் ஒரு மருந்து உண்டு, அது காகிதம். சரவெடிக்குக் குழாய் சுற்றும் பழுப்புக் காகிதத்தின் கழிவுத் துண்டுகள் எங்கள் வீட்டுப் பரணில் எப்போதும் கிடக்கும். ஒவ்வொரு மூட்டையும் உலரத் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழும் ஒரு துண்டைச் சுற்றி நூலால் கட்டினேன். காலண்டர்த் தாளும் ஆகும், ஆனால் படங்கள் அச்சிடும் ஆர்ட் பேப்பர் ஆகாது, அது வழவழப்பு, ஈரத்தை வாங்காது. பழுப்புக் காகிதமோ ஈரம் பட்ட இடத்தில் உடனே கறுக்கும்.

அரைமணி நேரத்தில் உச்சியில் இருந்த துண்டு கறுத்தது. கண்ணாடியை ஒட்டி, நட்டுக்குக் கீழே, மரை தெரிகிற இடத்தில் ஒரு பிறை அளவுக்கு. அதற்குக் கீழே இருந்தவை பிறகு ஒவ்வொன்றாக. எல்போ குற்றமற்றவர்.

அக்டோபர் 28, செவ்வாய்

அந்த இடத்தில் இருப்பது டேங்க் நிப்பிள். மாடியில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் குழாய் இறங்க ஓட்டை போட்டு மாட்டுகிறார்களே, அதேதான். மாடித் தொட்டி மாட்டுகிற பழக்கத்தில் மீன்தொட்டிக்கும் மாட்டியிருக்கிறார் அன்றைக்கு வந்த பிளம்பர். பெயர் வேண்டாம். முன்பு ஒருமுறை சொட்டியபோது பைப் ரிஞ்சோடு வந்து இன்னும் அரைச் சுற்று இறுக்கிவிட்டுப் போனார் என்பதையும் வீட்டுக்காரி இன்றைக்குத்தான் சொன்னாள்.

ஒழுகினால் இறுக்கு என்பது நம் ஊர்க் குழாய் வேலையின் முதல் பாடம். மீன்தொட்டியில் அது பலிக்காது. ஒன்றரை அடித் தண்ணீர் அடிக்கண்ணாடியில் தருகிற அழுத்தம் மிக அற்பம். இருபது அடி உயரத்து மாடித் தொட்டி அடுப்படிக் குழாயில் தருவதில் பதிமூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தொட்டி எத்தனை பெரிது என்பது கணக்கே அல்ல, தண்ணீரின் உயரம் மட்டும்தான் கணக்கு. இந்த அற்ப அழுத்தத்துக்கும் வழி கிடைக்கிறது என்றால் குறை இறுக்கத்தில் இல்லை, உட்காருகிற விதத்தில் இருக்கிறது. கண்ணாடியை அதற்கு மேலும் இறுக்கினால் ஒருநாள் அடிக்கண்ணாடி மொத்தமும் விட்டுப்போகும்.

கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, ஒரு இஞ்சு டேங்க் நிப்பிளுக்கு வாஷர் மட்டும் இருக்குமா?"

"தனியா வராது, நிப்பிளோடதான். எதுக்கு, மீன்தொட்டிக்கா? பிளாஸ்டிக் வால்வெல்லாம் போடாதீக. பித்தளையில போட்டுருங்க, பேரன் காலத்துக்கும் நிக்கும்."

நல்ல யோசனைதான், வேறு இடத்துக்கு. எங்கள் ஆலையில் மருந்து செலுத்துகிற அறையில் இரும்புச் சாமான் கூடாது. உரசினால் பொறி வரும். பித்தளையும் மரமும்தான், தரையில் ரப்பர் விரிப்பு. ஆலைக்குள் உயிர்காக்கிற பித்தளை மீன்தொட்டிக்குள் மெதுவான விஷம். அதில் இருக்கும் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரையும். நத்தையும் இறாலும் முதலில் போகும், பிறகு மீன். இதே காரணத்துக்காக மருந்துக் கலவையில் வேலை பார்க்கும் என் மச்சானுக்கு வீட்டில் ஒரு கட்டளை: முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் தொட்டியில் கை விடக் கூடாது. அவன் நகக்கண்ணில் அலுமினியப் பொடி மினுங்கும். நீல வெளிச்சத்துக்குப் போடுவது செம்பு உப்பு. பச்சைக்குப் போட்டு வந்த பேரியத்தை 2018இல் உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது, செம்பைச் செய்யவில்லை.

நிப்பிள், பிவிசி பால் வால்வு, குழாயை அறுக்காமல் கழற்றி மாட்ட ஒரு யூனியன், டெஃப்ளான் டேப், சால்வென்ட் சிமெண்ட் சின்ன டப்பா. அண்ணாச்சி பித்தளை வால்வை வருத்தத்தோடு உள்ளே வைத்தார்.

அக்டோபர் 29, புதன்

மூலைப் பெட்டியை மட்டும் காலி செய்தால் வேலை நடந்துவிடும். ஆனால் பெட்டிச் சுவர் இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் என்று நம்பி ஒட்டிய மெல்லிய கண்ணாடி. ஒருபக்கம் காலியாகி மறுபக்கம் முழுத் தண்ணீர் நெட்டினால் சிலிக்கான் தாங்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு வைத்துவிட்டு மிச்சத்தைக் குடங்களில் எடுத்து மூடி வைத்தோம். மீன் தொட்டியிலேயே இருந்தது, ஏர் பம்ப்பும் ஓடியது. பீங்கான் வளையங்களைத் தொட்டித் தண்ணீர் விட்ட வாளியில் போட்டு அதற்கும் ஒரு காற்றுக் குழாய் கொடுத்தேன். மீன்கழிவின் அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா குடியிருப்பது அந்த வளையங்களில். காற்றில்லாமல் கிடந்தாலும் உலர்ந்தாலும் அவை செத்துவிடும், கசிவில் பிழைத்த மீன் அடுத்த வாரம் அம்மோனியாவில் போகும்.

பழைய குழாயில் யூனியன் ஒரு இடத்தில்கூட இல்லை. நிப்பிள் முதல் சம்ப் வரை எல்லாம் பசை போட்டு ஒரே உடம்பாக்கி வைத்திருந்தார். சால்வென்ட் சிமெண்ட் பசையும் அல்ல, அது பிவிசியைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. ஹாக்ஸா பிளேடால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மச்சான் கீழே படுத்து அறுத்தான், நான் மேலே நிப்பிளைப் பிடித்துக்கொண்டேன்.

நட்டைக் கழற்றியதும் கதை வெளிச்சமாயிற்று. நட்டின் மரையில் கனமாக டெஃப்ளான். வாஷர் கண்ணாடிக்குக் கீழே, நட்டுப் பக்கம். ரிஞ்சு இறுக்கத்தில் ஒருபக்கம் சப்பாத்தி மாவு மாதிரி பிதுங்கி வெளியே வந்திருந்தது. மறுபக்கம் ரப்பரே இல்லை. தொட்டிக்குள்ளே நிப்பிளின் தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வாஷர் கிடையாது, வெறும் சிலிக்கான் பூச்சு. அது ஓரத்தில் உரிந்து, விரல் நகத்தால் நெம்பினால் தோலாக வந்தது.

தண்ணீர் வந்த வழி இதுதான். நிப்பிளின் தலைக்கு அடியில் நுழைந்து, கண்ணாடி ஓட்டைக்குள் இறங்கி, மரையின் பள்ளத்தைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி நட்டைத் தாண்டி வெளியே வந்திருக்கிறது. நட்டுப் பக்கத்து வாஷர் கண்ணாடிக்கும் நட்டுக்கும் நடுவில்தான் அடைக்கும், மரையின் வழியை அது அடைக்காது. நிப்பிளின் வெளிமரை நேர்மரை, எத்தனை டேப் சுற்றினாலும் தண்ணீரை நிறுத்துவது அதன் வேலை அல்ல. பிடித்துவைப்பது மட்டுமே அதன் வேலை. தண்ணீரை நிறுத்துகிறது வாஷர், அது தண்ணீர் இருக்கிற பக்கம், தலைக்கு அடியில் இருக்க வேண்டும். டேப் வேண்டியது உள்மரையில் குழாய் மாட்டுகிற சரிவு மரைக்கு. அதையும் மரையின் முனை நம்மைப் பார்க்கும்படி பிடித்துக் கடிகாரச் சுற்றில் சுற்ற வேண்டும், எதிர்ச்சுற்றில் சுற்றினால் மாட்டும்போதே சுருண்டு வந்துவிடும்.

பழைய சிலிக்கானைப் பிளேடால் சுரண்டினோம். கண்ணாடியின் இரண்டு பக்கமும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தோம். புதிய நிப்பிள், வாஷர் உள்ளே, நட்டு கையால், அதற்கு மேல் கால் சுற்று. மச்சான் ரிஞ்சை எடுத்தான்.

"இன்னும் கொஞ்சம் வச்சுருவோம் மாமா?"

"வேண்டாம் மாப்பிளை. கீழ வை அத."

குழாய்த் துண்டுகளை வாசலில் வைத்து ஒட்டினோம். சிமெண்ட் வாடை மீனுக்கு ஆகாது, தீயும் பற்றும். நிப்பிளுக்குக் கீழே யூனியன், அதற்குக் கீழே வால்வு.

அக்டோபர் 30, வியாழன்

சிமெண்ட் இறுக ஒரு நாள். தொட்டியைத் தொடவில்லை.

சிறுவயதில் பார்த்த மீன்தொட்டிக்கெல்லாம் இரும்புச் சட்டம் இருக்கும், மூலைகளில் மக்கு அப்பியிருக்கும். மக்கு காய்ந்து வெடித்தால் ஒழுகும், சட்டம் துருப்பிடிக்கும். சிலிக்கான் வந்த பிறகுதான் சட்டமில்லாத முழுக்கண்ணாடித் தொட்டி சாத்தியமானது. அதற்கு முந்தைய காலத்திலேயே 1909இல் சென்னை மெரினாவில் கடல்மீன் காட்சியகம் திறந்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதை மூடினார்கள். கடல்தண்ணீரை அந்தக் காலத்துக் குழாய்களில் ஓடவிட்டவர்கள் எத்தனை மூட்டுகளைப் பார்த்து நின்றிருப்பார்களோ!

அக்டோபர் 31, வெள்ளி

முதலில் பெட்டியில் மட்டும் தண்ணீர். காகிதம் கட்டினேன், கறுக்கவில்லை. பிறகு குடம் குடமாக ஊற்றினோம். பம்ப் ஓடியது.

இதோடு விட்டுவிடலாம், ஆனால் எங்கள் ஊரில் கரண்டு போகும். மாதாந்திரப் பராமரிப்பு என்றால் காலையில் போனது சாயங்காலம்தான் வரும். பம்ப் நின்றால் மேலே ஏற்றின குழாயே பின்னோக்கித் தண்ணீரை இழுக்கத் தொடங்கிவிடும். எதுவரை? அதன் வாய் மூழ்கியிருக்கிற ஆழம் வரை. இந்தத் தொட்டியில் ஒரு அங்குலத் தண்ணீர் 14 லிட்டர். குழாயின் வாய் நாலு அங்குலம் கீழே இருந்தது. 56 லிட்டர் சம்ப்புக்கு வரும், சம்ப்பில் மிச்ச இடம் அதில் பாதிதான். மச்சானை வைத்துப் பம்ப் சுவிட்சை அணைத்துப் பார்த்தேன். சம்ப்பின் விளிம்புக்கு நாலு விரல் இருக்கும்போதே திரும்பப் போடச் சொல்லிவிட்டேன். போன வருஷம் தரை நனைந்ததற்கெல்லாம் வீட்டில் நாயைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

மருந்து எளிது. தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரல்கடை கீழே, அந்தக் குழாயில் சிறிய ஓட்டை ஒன்று. மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் ஓட்டை காற்றை இழுக்கும், இழுவை அறுந்துவிடும். பாசி அடைக்காமல் மாதம் ஒருமுறை ஊசியால் குத்திவிட வேண்டும். கடையில் விற்கிற ஒருவழி வால்வு இதற்கு மாற்றல்ல, ஒரு நத்தை போய் உட்கார்ந்தால் வாய் திறந்தபடி நின்றுவிடும். மறுபடி சுவிட்சை அணைத்தோம். சம்ப்பில் கொஞ்சம் ஏறி நின்றது.

பம்ப் வயரைச் சுவருக்கு நேராக இழுக்காமல் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டிருக்கிறேன். வயரில் வழிகிற தண்ணீர் வளைவில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது.

நவம்பர் 3, திங்கள்

காகிதம் பழுப்பாகவே இருக்கிறது. அண்ணன் மகன் போன் செய்தான். "என்ன சித்தப்பா, பைப் மாத்துனீங்களாமே, இவ்வளவு நாளா நல்லாத்தானே இருந்துச்சு?" என்கிறான். வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

தொட்டிக்குக் குழாய் போட ஆள் கூப்பிடுகிறவர்கள், அவர் சிமெண்ட் டப்பாவைத் திறக்கும் முன்னே யூனியனை எங்கே வைக்கப் போகிறார் என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்று சொன்னால் வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.