முப்பந்தல் காத்துல பாட்டு கேக்கணுமா?

மக்கா, தோவாளையில பூ ஏத்திட்டு நெல்லைக்குக் கிளம்புற குட்டியானையில ஏறியிருக்கீங்களா? ஆரல்வாய்மொழி தாண்டினதும் காற்றாலையைச் சுத்துற அதே காத்து, ஜன்னல் வழியா வந்து பாட்டைத் தின்னுடும்.

உடனே சப்-ஊஃபர் வாங்க ஓடாதீங்க. அந்தக் கேபின்ல அதை வெச்சா கிளீனர் எங்கே உட்காருவார்? முதல்ல கதவு ஸ்பீக்கரை மாத்துங்க. பெட்டியில '1,000 வாட்ஸ்'னு இருந்தா மயங்காம, ஆர்.எம்.எஸ். எவ்வளவுன்னு கேளுங்க. சாதாரண ஸ்டீரியோ சேனலுக்கு 15-20 வாட்ஸ்தான் தரும். அதனால சென்சிட்டிவிட்டி 90 டெசிபலைத் தாண்டணும். அதுல 3 டெசிபல் கூடினாலே பவரை ரெட்டிப்பாக்கின மாதிரி. செலவே இல்லாம! கதவுத் தகரம் அதிர்ந்தா டேம்பிங் ஷீட் ஒட்டிடுங்க.

வால்யூமை மட்டும் டிரைவர் அண்ணன்கிட்ட விட்டுடுங்க. பின்னாடி வர்ற லாரியோட ஹாரன் அவர் காதுல விழணுமே!