சாயம் பூசாத நிறங்கள்

மட்டக்களப்புக்குப் போகிற சகோதரிகள் பலரும் கல்லடிப் பாலத்தைப் பார்த்து, காத்தான்குடிப் பெருந்தெருவின் பேரீச்ச மரங்களைப் பார்த்து, சேலை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அவசரப்படாதீர்கள். அஸர் தொழுதுவிட்டு மேற்குப் பக்கமாக வாவிக்கரைக்கு நடந்து போங்கள். சுமார் 56 கிலோமீற்றர் நீளமான அந்த வாவியை ஊரார் ஆறு என்றுதான் சொல்வார்கள்.

மஃரிபுக்குச் சற்று முன்னர் தண்ணீர் செம்பு நிறமாகும், பிறகு ஊதா. குனிந்து ஒரு கை அள்ளிப் பாருங்கள், நிறமே இருக்காது! நிறமெல்லாம் வெளிச்சத்தின் வேலை.

உங்கள் மயில்கழுத்துச் சேலையிலும் பாதி அதுதான். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம்; நடக்கும்போது வெளிச்சம் மாறிப் படுவதால் நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரிகின்றன. மயிலிறகிலோ நீலச் சாயமே கிடையாது. அதன் நுண்ணிய அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளிதான் நீலமாகிறது.

இந்த வித்தையைக் கொண்டே இன்று சிற்பம் செய்கிறார்கள். சிற்பம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். நான் சொல்லப்போவதில் மனித உருவமும் இல்லை, மிருக உருவமும் இல்லை.

ரானா பேகம் 1977இல் வங்காளதேசத்தின் சில்ஹெட்டில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பத்தோடு இங்கிலாந்து போனார். ஊர்ப் பள்ளிவாசலில் குர்ஆன் ஓதிய நாட்களில் கண்ட வெளிச்சமும், கூடை முடைந்த நினைவும் தம்மை விட்டுப் போகவில்லை என்பார். மடித்த உலோகத் தகட்டின் மறைவான பக்கத்தில் பளிச்சென்ற வர்ணம் பூசுவார். நமக்குத் தெரிவது வெள்ளைப் பரப்பில் விழும் அதன் சாயல் மட்டுமே. 2016இல் லண்டன் கிங்ஸ் குரொஸில், வாகனங்களில் பொருத்தும் ஒளித்தெறிப்பான்கள் ஆயிரக்கணக்கானவற்றைக் கோத்து நீண்ட மதிலொன்று அமைத்தார். கடந்து போகிறவர் நடக்க நடக்க அதுவும் மினுங்கியது. 2019இல் பிரித்தானிய ரோயல் அகாடமி அவரை அங்கத்தவராக்கியது.

எனக்குப் பிடித்தது 2014இல் டாக்காவில் அவர் வைத்ததுதான். உள்ளூர்க் கூடைகளை ஒன்றோடொன்று பிணைத்து மேலே கவித்திருந்தார். இடுக்குகள் வழியே இறங்கிய வெளிச்சம் தரையெல்லாம் கோலம் போட்டது. நம் வீட்டுக் கூடை அப்படி மதிக்கப்பட்டிருக்கிறதா?

ஆற்றங்கரைக்குப் போகும் வழியில் ஒரு வீட்டு வாசலில் உம்மும்மா ஒருவர் பன்பாய் இழைத்துக்கொண்டிருந்தார். "இதப் பழகி என்னத்துக்கு?" என்றாள் பக்கத்திலிருந்த பேத்தி. ரானா பேகத்தின் கதையை அவளுக்கும் சொன்னேன். பதில் பேசவில்லை. பாதி இழைத்த பாயின் ஓரத்தைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"உம்மும்மா, இந்த இடத்துல இறுக்கம் போதாது."