இரண்டு மோட்டார்களும் உம்மாவின் செவியும்

ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று வகுப்பில் கேட்டால் தோழிகள் வாசிப்பு, தையல், மருதாணி, கேக் செய்தல் என்று சொல்வார்கள். நான் விமானம் ஓட்டுவேன் என்று சொன்னால் முதலில் ஒரு சிரிப்பு எழும். பிறகு கேள்விகள் வரும். பெற்றோலில் ஓடுமா? எவ்வளவு உயரம் போகும்? விழுந்தால் உடைந்துவிடாதா? அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதிலாக இதை எழுதுகிறேன். ஆனால் எல்லாவற்றிலும் கடினமான கேள்வியைக் கேட்டவர் என் உம்மாதான்.

எங்களுடையது 'கட்டலினா' என்னும் இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தின் மாதிரி. நிலத்திலன்றி நீரில் இறங்குவதற்கென்றே அமைக்கப்பட்ட, படகு போன்ற அடிப்பாகம் கொண்ட விமானம் அது. உண்மையான கட்டலினாவின் இறக்கை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 104 அடி. எங்களுடையது ஏறத்தாழ ஒன்றரை மீற்றர். உடல் முழுவதும் பாரமில்லாத, உறுதியான நுரைப்பொருள். பெற்றோல் இல்லை. ஒரு பற்றரியும் இரண்டு மின்மோட்டார்களும்தான். கட்டாரில் வேலை செய்யும் காக்கா விடுமுறையில் வந்தபோது பெட்டியில் கொண்டுவந்தார்.

பெட்டியின் மேலிருந்த படத்தில் இறக்கைக்குக் கீழே குண்டுகள் தொங்கின. உம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "சண்டைப் பிளேன்தானா மகன் கிடைச்சது? இத வெச்சு இந்தப் புள்ளைக்கு என்னத்தப் படிச்சுக் குடுக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

காக்காவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. உம்மா 1990இல் சிறு பிள்ளையாக இருந்தபோது ஊரைவிட்டு இடம்பெயர்ந்தவர். இன்றும் வானத்தில் ஹெலிச் சத்தம் கேட்டால் சோறு கழுவும் கை அப்படியே நின்றுவிடும். சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் வேலை தொடரும். அப்படிப்பட்டவரின் வீட்டு விறாந்தையில் ஒரு போர் விமானத்தைப் பூட்டுவது சரியா என்று எனக்கும் தோன்றியது.

கேள்வியோடே வேலையைத் தொடங்கினோம். ஒற்றை மோட்டார் விமானத்தைவிட இரட்டை மோட்டார் விமானத்தில் கவனிக்க வேண்டியவை அதிகம். சுழலி ஒரு பக்கம் சுற்றும்போது விமானத்தின் உடல் அதற்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பப் பார்க்கும். ஆகவே எங்கள் மாதிரியில் ஒரு சுழலி வலஞ்சுழியாகவும் மற்றது இடஞ்சுழியாகவும் சுற்றும். ஒன்றின் முறுக்கு மற்றதன் முறுக்கைச் சமன்செய்துவிடும். இவ்வகை மோட்டாரிலிருந்து மூன்று வயர்கள் வரும். அவற்றில் ஏதாவது இரண்டை இடம்மாற்றிப் பூட்டினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். இதைக் காக்கா செய்து காட்டியபோது எனக்கு ஏதோ மந்திரம் போல இருந்தது.

மோட்டார் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகக் கட்டுப்படுத்தி உண்டு. நாம் கையில் வைத்திருக்கும் ரிமோட்டின் கட்டளைக்கேற்ப மோட்டாருக்குப் போகும் மின்னை அதுதான் கூட்டிக் குறைக்கிறது. வானலை வாங்கிக்கும் அதுவே மின் கொடுக்கும். இரண்டு கட்டுப்படுத்திகளும் ஒரே நேரத்தில் மின் கொடுத்தால் ஒன்றோடொன்று முரண்படலாம் என்பதால், ஒன்றின் சிவப்பு வயரைக் கழற்றி நாடாவால் சுற்றிவிட்டோம்.

அடுத்தது பாரச் சமநிலை. இறக்கையின் கீழே குறித்த இடத்தில் இரு விரல் நுனிகளால் தாங்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். வால் கீழே சாய்ந்தால் அதைப் பறக்கவிடவே கூடாது. மூக்கை உயர்த்திக்கொண்டு வேகமிழந்து விழுந்துவிடும். பற்றரியை அங்குலம் அங்குலமாக முன்னே தள்ளிச் சமநிலையைக் கண்டுபிடித்தோம்.

பிறகு விமானத்தை ஒரு மேசையில் கட்டி மோட்டார்களை ஓடவிட்டோம். சமையலறையிலிருந்த உம்மா வாசலுக்கு வந்து நின்றார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ரெண்டும் ஒரு சத்தமா வரல்லயே. ஒண்டு முந்துது, ஒண்டு பிந்துது" என்றார்.

எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கண்ணை மூடிக் கேட்டேன். உண்மைதான். ஒரே சீரான இரைச்சலுக்குள் 'வூம்... வூம்...' என்று ஏறி இறங்கும் ஓர் அலை இருந்தது. பௌதிகவியலில் நாங்கள் படிக்கும் 'அடிப்பு' இதுதான். மிக நெருங்கிய இரண்டு மீடிறன்கள் ஒன்றாக ஒலிக்கும்போது சத்தம் கூடிக் குறையும். மோட்டார்கள் ஒரே வேகத்தில் சுற்றவில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. இரண்டு கட்டுப்படுத்திகளுக்கும் ரிமோட்டின் மிகக் கூடிய அளவையும் மிகக் குறைந்த அளவையும் புதிதாக அறிமுகப்படுத்தினோம். மீண்டும் ஓடவிட்டபோது அலை அடங்கியிருந்தது. உம்மா தலையாட்டிவிட்டு உள்ளே போனார். எந்த நாட்களில் அந்தச் செவி அவ்வளவு கூர்மையானது என்று எனக்குத் தெரியும். அன்று அந்தச் செவிதான் எங்கள் விமானத்தைக் காப்பாற்றியது.

அந்த வாரம் கட்டலினாவைப் பற்றித் தேடி வாசித்தேன். 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, நமது கொக்கலை வாவியிலிருந்து ஒரு கட்டலினா புறப்பட்டது. அதன் விமானி லெனார்ட் பேர்ச்சல் என்ற கனேடியர். இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையை நடுக்கடலில் அவர்கள் கண்டார்கள். சண்டை விமானங்கள் சூழ்ந்து சுட்டுக்கொண்டிருந்தபோதும் வானொலியில் செய்தி அனுப்பினார்கள். பிறகு விமானம் வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 9 பேரில் 3 பேர் உயிரிழந்தனர். மற்ற 6 பேரும் போர் முடியும்வரை சிறையிருந்தனர். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. ஆனால் முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்ததால் துறைமுகத்தில் நின்ற பல கப்பல்கள் வெளியேறிவிட்டன. ஏப்ரல் 9இல் திருகோணமலை தாக்கப்பட்டதும், மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' கப்பல் மூழ்கடிக்கப்பட்டதும் அதே கடற்படையால்தான்.

இன்னொரு செய்தி என்னை மேலும் கவர்ந்தது. 1943 முதல் 1945 வரை அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் கொக்கலைக்கும் இடையே கட்டலினாக்கள் பயணிகள் சேவை நடத்தின. ஒரு பயணத்துக்கு 27 மணி நேரத்துக்கும் மேல் எடுத்தது. வழியில் இரண்டு சூரிய உதயங்களைக் காணலாம். எரிபொருளின் பாரம் காரணமாக மூன்று பயணிகளை மட்டுமே ஏற்ற முடிந்தது. அவர்களோடு போனவை கடிதப் பைகள்.

இதையெல்லாம் உம்மாவிடம் சொன்னேன். "குண்டும் போட்டதுதானே?" என்று கேட்டார். "ஓம் உம்மா, குண்டும் போட்டது" என்றேன். மறைக்க விரும்பவில்லை. சற்று யோசித்துவிட்டு, "அப்ப அந்தக் குண்டுகள ஒட்டாதீங்க. கடிதம் கொண்டு போனதாவே இரிக்கட்டும்" என்றார். பிளாஸ்டிக் குண்டுகளும் துப்பாக்கிகளும் பெட்டியிலேயே இருந்துவிட்டன. அதனால் பாரமும் கொஞ்சம் குறைந்தது.

மாதிரி விமானமானாலும் வானில் ஏற்றுவதற்கு விதிகள் உண்டு. தேவையான அனுமதியைக் காக்கா எடுத்த பிறகே ஊருக்கு வெளியிலுள்ள குளத்துக்குப் போனோம். வாப்பாவும் வந்தார். காலை ஆறரை மணிக்குக் காற்று மெதுவாக வீசியது. காற்றுக்கு எதிராகத்தான் எழ வேண்டும். ரிமோட் என் கையில் இருந்தது. வேகத்தை மெல்ல மெல்லக் கூட்டினேன். முதலில் மூக்கைச் சுற்றி நீர் சிதறியது. பிறகு படகு அடிப்பாகம் மேலெழுந்து நீரின் மேல் வழுக்கத் தொடங்கியது. நீர்க்கோடு திடீரென அறுந்தது. விமானம் பறந்துகொண்டிருந்தது!

பறக்கவிடுவதில் மிகக் கடினமானது விமானம் நம்மை நோக்கி வரும் நேரம். நமது வலப்பக்கம் அதன் இடப்பக்கமாகிவிடும். விமானத்துக்குள் நாமே அமர்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டால்தான் கை குழம்பாது.

மூன்றாவது நாள் பறப்பின் நடுவே சத்தம் மாறியது. கண் காண்பதற்கு முன்பே காது கேட்டுவிட்டது. இடது மோட்டார் நின்றுவிட்டது. வலது மோட்டார் மட்டும் இழுக்க, மூக்கு இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது. அப்படியான நேரத்தில் பயந்து வேகத்தைக் கூட்டினால் விமானம் இன்னும் வேகமாகத் திரும்பிக் கவிழ்ந்துவிடும். வேகத்தைக் குறைத்தேன், சுக்கானை வலப்பக்கம் கொடுத்தேன், இறக்கையை மட்டமாக வைத்துக்கொண்டேன். கட்டலினாவின் மோட்டார்கள் இரண்டும் நடுவுக்கு அருகருகே இருப்பதால் அது மெதுவாகவே திரும்பியது. நீரைத் தொட்டு, இரண்டு தரம் துள்ளி, மிதந்தது. மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தோணியில் போய் எடுத்து வந்து தந்தார். "உயிருள்ள தாரா மாதிரியே இறங்கிச்சு புள்ள" என்றார். தொழிற்சாலையில் சரியாக ஒட்டப்படாத ஓர் ஈய இணைப்பு விட்டிருந்தது. அன்று மாலையே அதை நான் பற்றவைத்தேன்.

தோழியரே, பெற்றோரே, இந்தப் பொழுதுபோக்குக்குக் கொஞ்சம் பணம் தேவை. பொறுமை அதைவிட அதிகம் தேவை. பாடப்புத்தகத்தில் படித்த முறுக்கமும் அடிப்பும் புவியீர்ப்பு மையமும் ஒரே காலையில் கைக்குள் வந்து நிற்கும். போருக்காகச் செய்யப்பட்ட ஒன்றைக் கையில் எடுக்கும்போது அது என்ன செய்தது என்று முழுமையாகத் தெரிந்துகொள்ளவும், அதில் எதை நாம் ஏற்றுக்கொள்வது, எதைப் பெட்டியிலேயே விட்டுவிடுவது என்று தீர்மானிக்கவும் நம்மால் முடியும்.

காக்கா மீண்டும் கட்டாருக்குப் போய்விட்டார். இப்போது பற்றரியைச் சமப்படுத்துவதும் வயர்களைப் பார்ப்பதும் என் பொறுப்பு. புறப்படுவதற்கு முன் மோட்டார்களின் சத்தத்தைச் சோதிப்பது மட்டும் உம்மாவின் பொறுப்பு. அவர் "சரி" என்று சொல்லாமல் எங்கள் கட்டலினா குளத்துக்குப் போவதில்லை.