தீயால் துளைத்த குழல்

இசைக்கருவியை விலைகொடுத்துப் பெற்று, ஆசிரியர் முன் அமர்ந்து பயில்வதே இசைக்கல்வி என்று எண்ணுவார் பலர். கருவியைத் தம் கையாற் செய்து, செவியையே ஆசானாகக் கொண்டாரும் உலகில் உளர்.

அத்தகைய இடையன் ஒருவனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையிற் காட்டுகின்றார். அவன் கோல்கடைந்து எழுப்பிய தீயினால் துளையிட்டுக் குழல் செய்து பாலைப்பண் ஊதுகின்றான். அது சலித்தபின், குமிழங்கொம்பில் மரல்நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழில் குறிஞ்சி இசைக்கின்றான். அவ்வொலியைத் தம் சுற்றத்தின் ஒலியென்று கருதி வண்டுகள் செவிசாய்க்கின்றன. அவன் யாரிடம் பயின்றான் என்பதைப் புலவர் கூறிற்றிலர்.

ஆனர்ஸ் வகுப்பில் இப்பகுதியைப் பயின்ற யாம், உரையாசிரியர் துணையால் பொருள் உணர்ந்தோம். எனினும், தீயால் குழல் துளைக்குந் தொழிலைக் கண்ணாற் காணவும் விழைந்தோம். அவ்விழைவை நிறைவேற்றியது கடல்கடந்த நாட்டுப் படமொன்று.

அமெரிக்க நாட்டு மிஸிஸிப்பி மாநிலத்தின் வடபகுதியில், கிராவல் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர் ஓத்தர் டர்னர், கறுப்பின உழவர். இளமையில் அயலார் ஊதக்கேட்டுத் தாமே குழல் பயின்றார். 1970களின் தொடக்கத்தில் எடுக்கப்பெற்ற அப்படத்தில், அவர் மூங்கிற்கழியைக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் துளையிடுதலைக் கண்டோம். தீயிட்ட துளை மீண்டும் மூடாது. இடம் பிழைப்பின் சுரமும் பிழைக்கும். ஆதலின் ஊதுதற்கு முன்னரே இசை அவர் உள்ளத்தில் அமைந்திருத்தல் வேண்டுமன்றோ!

ஏர்பிடித்த கை அக்குழலையும் விடவில்லை. 1992இல் அந்நாட்டரசின் கலைநிறுவனம் அவருக்கு மரபுக்கலைஞர் விருதளித்தது. தொண்ணூறு வயதையொட்டி, 1998இல், அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 2003 பிப்ரவரித் திங்களில் அவர் மறைந்தார். அவர்தம் மகள் பெர்னிஸும் அவர் மறைந்த நாளிலேயே உயிர்நீத்தார். இருவருடைய இறுதி ஊர்வலத்திற்கும் முன்னே குழலூதிச் சென்றவள் பேத்தி ஷார்டே தாமஸ் என்னுஞ் சிறுமி. பின்னர்த் தாத்தாவின் இசைக்குழுவையும் அவளே நடத்தினாள்.

முல்லைநிலத்து இடையன் இசைத்த பாலை எவ்வாறு ஒலித்ததென்று இன்று கூறுவார் இலர்; பாட்டு எஞ்சியது, பண் எஞ்சவில்லை. மூங்கிலும் தீயும் எங்கும் உள. துளையின் இடமறிந்த விரலோ, அருகிருந்து கற்பார் உளராயின் மட்டுமே அடுத்த தலைமுறையைச் சேரும். ஆதலின், மாணவ நண்பர்காள்! நம் ஊர்களில் தாமே கருவி செய்து இசைக்கும் முதியோர் உளராயின், வரும் விடுமுறையில் அவர் திண்ணையைத் தேடிச் செல்வோமாக. ஏட்டுடன் செல்லுதல் நன்று. செவியுடன் செல்லுதல் அதனினும் நன்று.