கை படாத தீவு

சுற்றுலாக் கையேட்டை மொழிபெயர்ப்பது சுலபமான வேலை. மணல் எப்போதும் வெள்ளை. கடல் எப்போதும் நீலம். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. எம்.ஏ.வில் ஐந்திணை படித்தவனுக்கு நெய்தல் நிலத்தை வர்ணிக்க என்ன சிரமம்? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயண நிறுவனத்துக்காக மொரீஷியஸ் கையேடு ஒன்றைத் தமிழாக்கினேன். 'மனிதனின் கை படாத சொர்க்கத் தீவு' என்பது முதல் வரி. ஆங்கிலத்தைவிடத் தமிழில் நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டினார்கள். நானும் மகிழ்ந்துபோனேன்.

அந்த மகிழ்ச்சி மூன்று மாதம் நீடித்தது. மொரீஷியஸிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவரை நண்பர் என் வீட்டுக்கு அழைத்து வந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வேட்டி, நெற்றியில் விபூதி. ஆனால் தமிழ் பேச வராது. வீட்டு மொழி, பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல். தேவாரத்தை ரோமன் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவாராம், பொருள் தெரியாதாம். மேஜைமேல் கிடந்த கையேட்டின் படத்தைப் பார்த்ததும் தன் நாடு என்று கண்டுகொண்டார். என்ன எழுதியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கரும்பு வயல்களின் நடுவே கறுப்புக் கற்கள் மலை மலையாகக் குவிந்திருக்குமே, அந்தப் படம் இதில் இல்லையா என்று மட்டும் கேட்டார். மொரீஷியஸ் ஓர் எரிமலைத் தீவு. கற்களைப் பொறுக்கிக் குவித்தால்தான் கரும்பு நட இடம் கிடைக்கும். பொறுக்கியவை மனிதக் கைகள்தான்.

பிறகு பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் காகிதத்தை எடுத்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா கப்பலில் வந்து இறங்கியபோது எழுதிய பதிவேட்டின் பிரதி. மோகா என்ற ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் இந்தப் பதிவேடுகளைப் பாதுகாக்கிறது. எண், பெயர், தகப்பன் பெயர், ஜில்லா தஞ்சாவூர். கடைசியில் ஊர். ஆங்கில எழுத்துக்கு நம் குறில் நெடில் தெரியாது. டகரமும் தகரமும் அதற்கு ஒன்றுதான். கட்டூர், காட்டூர், கத்தூர், காத்தூர், எப்படியும் படிக்கலாம். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. 'காட்டூர், திருவாரூர் பக்கம்' என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. மறுநாளே போய்வந்தார். அந்த ஊர்க் கோயிலில் அர்ச்சனை செய்து, வயல் மண்ணை ஒரு பையில் கட்டிக்கொண்டு விமானம் ஏறினார்.

கற்குவியல் விஷயம் உறுத்திக்கொண்டே இருந்ததால் அதன் பிறகுதான் அந்தத் தீவைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அங்கே ஆதிகுடிகள் என்று யாருமில்லை. அராபிய மாலுமிகளும் போர்த்துக்கீசியர்களும் அறிந்திருந்தார்கள், குடியேறவில்லை. 1598-ல் வந்த டச்சுக்காரர்கள் தங்கள் இளவரசர் மவுரிட்ஸின் பெயரைச் சூட்டினார்கள். 1638-ல் குடியேறிக் கருங்காலி மரங்களை வெட்டினார்கள். ஜாவாவிலிருந்து கரும்பைக் கொண்டுவந்தார்கள். பறக்கத் தெரியாத டோடோ பறவை அந்த நூற்றாண்டிலேயே அழிந்தது. 1710-ல் டச்சுக்காரர்கள் வெளியேறினார்கள். 1715-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். 1735-ல் கவர்னரான லா பூர்தொனே, போர்ட் லூயி துறைமுக நகரை எழுப்பப் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். மடகாஸ்கர், மொசாம்பிக்கிலிருந்து அடிமைகள் வந்தார்கள்.

1810-ல் தீவு பிரிட்டிஷார் வசமானது. 1835-ல் அடிமை முறை ஒழிந்தபோது இழப்பீடு எஜமானர்களுக்குத்தான் கிடைத்தது. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! 1834-லேயே இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வரத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த முக்கால் நூற்றாண்டில் கல்கத்தா, சென்னை, பம்பாய் வழியாகப் போனவர்கள் சுமார் நாலரை லட்சம் பேர். போர்ட் லூயியில் அவர்கள் ஏறிய 16 கல்படிகள் இன்றும் இருக்கின்றன. பதினாறும் பெற்று வாழ்க என்று வாழ்த்தும் மண்ணிலிருந்து போனவர்களும் அவற்றில் ஏறினார்கள். ஆப்ரவாசி காட் எனப்படும் அந்த இடத்தை 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

1968-ல் சுதந்திரம். சர்க்கரையை மட்டும் நம்பினால் பிழைக்க முடியாது என்று தெரிந்து, ஆடைத் தொழிலையும் கடற்கரையையும் நம்பினார்கள். 2019-ல் வந்த சுற்றுலாப் பயணிகள் சுமார் 13.8 லட்சம், நாட்டின் மக்கள்தொகையே அதைவிடக் குறைவு.

அந்நாட்டு ரூபாய் நோட்டில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசையில் எழுத்துகள் இருக்கும். 1998-ல் வெளியான புதிய நோட்டுகளில் தமிழ் மூன்றாம் இடத்துக்குப் போனது. வட இந்தியர்களுக்கு முன்பே வந்தவர்கள் நாங்கள் என்று தமிழர்கள் கொதித்தெழ, நோட்டுகளையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவர்களில் எத்தனையோ பேருக்கு அந்த எழுத்தைப் படிக்க வராது. படிக்கத் தெரிந்த நான் செய்ததைச் சொல்கிறேன்.

பெரியவர் கொடுத்த பிரதியை ஒரு நாள் மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். குமாஸ்தாக்கள் காதில் விழுந்ததை அப்படியே எழுதினார்கள் என்று படித்திருந்ததால் இந்த முறை நிதானமாகப் பார்த்தேன். ஜில்லாவுக்கும் ஊருக்கும் நடுவே மங்கலாக 'மன்னார்' என்று ஒரு சொல். தகப்பன் பெயரின் மிச்சம் என்று அன்று தள்ளிவிட்டிருந்தேன். தகப்பன் பெயர் மேலேயே முடிந்துவிட்டது. இது தாலுகா: மன்னார்குடி. பெரியவரை நான் வேறு தாலுகாவுக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் கும்பிட்டது யாருடைய ஊரையோ.

கடிதம் எழுத மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். தெரியாமலே இருந்தால் அவருக்கு நிம்மதிதானே என்று மனம் வாதாடியது. கையேட்டுக்காரர்களும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார்கள். மறுபதிப்பில் முதல் வரியை மாற்றலாமே என்று கேட்டதற்கு, கடற்கரைக்குப் போகிறவனுக்குச் சரித்திரம் எதற்கு என்றார்கள். அன்றிரவே கடிதத்தை எழுதி முடித்தேன்.

பதில் வந்தது. மண்ணை வீட்டுத் துளசி மாடத்தில் எப்போதோ கலந்துவிட்டாராம்; இனி பிரிக்க முடியாதாம். தைப்பூசக் காவடி முடிந்ததும் பேத்தியுடன் மீண்டும் வருகிறாராம். அதற்குள் சரியான ஊரைக் கண்டுபிடித்துவைக்கும்படி கேட்டிருந்தார்.

மன்னார்குடி தாலுகா வரைபடம் இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. பென்சிலால் மூன்று ஊர்களை வட்டமிட்டிருக்கிறேன். மூன்றுக்கும் அவர்களோடு நானும் போகப்போகிறேன். இந்த முறை 'இதுதான்' என்று சொல்வதாக இல்லை.