மேலே 12, கீழே 36... அப்போ மைலேஜ் எவ்ளோ?

வாணியம்பாடி பக்கம் வந்தா, ஆலங்காயம் வழியா காவலூருக்கு ஒரு ட்ரிப் அடிங்க. ஜவ்வாது மலைக் காத்து, வைணு பாப்பு வானாய்வகத்துல 1986-ல் திறந்த 2.3 மீட்டர் டெலஸ்கோப்னு செம இடம்! நாங்க நாலு பேர் நண்பனோட ஹைபிரிட் கார்ல போனோம். பெட்ரோல் காசைப் பங்கு போடறப்பதான் பஞ்சாயத்து.

மலை ஏறும்போது டிஸ்ப்ளேயில் மைலேஜ் 12. இறங்கும்போது பிரேக் போடுற சக்தியே பேட்டரியில் ஏற, மைலேஜ் 36. 'சராசரி 24'னு கணக்குப் போட்டுக் காசை நீட்டினோம். கார்க்காரன் முகம் சுருங்கிடுச்சு.

ஏற 12 கி.மீ., இறங்க 12 கி.மீ.னு வெச்சுக்கங்க. ஏற 1 லிட்டர், இறங்க 0.33 லிட்டர். ஆக, 24 கி.மீட்டருக்கு 1.33 லிட்டர். மைலேஜ் வெறும் 18! கால்வாசி பெட்ரோல் அவன் தலையில!

வீட்டுல சார்ஜ் போடுற பிளக்-இன் ஹைபிரிட்னா இன்னும் உஷார். கரன்ட்ல ஓடின தூரத்தையும் சேர்த்தா மைலேஜ் எகிறும். ஹைவேயில் பேட்டரி தீர்ந்த பிறகுதான் நிஜம் தெரியும். அப்போ டேங்க்கை ஃபுல் பண்ணுங்க. போயிட்டு வந்து, அதே பங்க்ல மறுபடி ஃபுல் பண்ணி, ஓடின கிலோமீட்டரை ஊத்தின லிட்டரால வகுங்க.

பாக்கியை ஆலங்காயம் டீக்கடையில் எண்ணிக் கொடுத்துட்டோம். டீ அவன் செலவு!