கொல்கத்தாவின் கிழக்கே ஒரு திறந்தவெளிப் பள்ளி

ஆற்றங்கரையில் எழுந்த நகரமாயின் அதன் நிலம் ஆற்றை நோக்கியே சரிந்திருக்கும் என்று நாம் எண்ணுவது இயல்பு. கொல்கத்தா அவ்வாறு அமையவில்லை. ஹூக்ளி ஆறு நகருக்கு மேற்கே ஓடுகிறது. நிலமோ கிழக்கு நோக்கிச் சரிகிறது. ஆறு காலங்காலமாகக் கொணர்ந்து கொட்டிய வண்டல் அதன் கரையையே மேடாக்கிவிட்டது. கிழக்கே உப்பங்கழிகளும் சதுப்பு நிலங்களும் தாழ்ந்து கிடந்தன. ஆகவே, வில்லியம் கிளார்க் என்ற பொறியாளரின் திட்டப்படி 1859-இல் தொடங்கி 1875-இல் முடிந்த நிலத்தடிச் சாக்கடை, நகரின் கழிவுநீரைக் கிழக்கே அனுப்பியது. அங்கே ஓடிய வித்யாதரி என்னும் ஆறு அதனை ஏற்றுக் கடலுக்குக் கொண்டு சென்றது. ஆனால் அந்த ஆறும் மெல்ல மெல்லத் தூர்ந்து, 1928-இல் செத்த ஆறு என்று அறிவிக்கப்பட்டது.

ஆறு மாண்டது, சாக்கடையோ நிற்கவில்லை. அப்படியாயின் அவ்வளவு நீரும் எங்கே போயிற்று? இவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர், ஹௌரா பாலத்தையும் விக்டோரியா நினைவு மண்டபத்தையும் அன்னை தெரேசாவின் கல்லறையையும் கண்டபின், ஒரு நாளை ஒதுக்கிக் கிழக்கே செல்ல வேண்டும்.

அவ்வாறு செல்லும் வாய்ப்பு எனக்கு என் தமக்கை மகளால் கிட்டியது. கட்டடப் பொறியியல் முடித்த அவள், இப்போது நகர் ஊரமைப்பில் முதுகலை பயில்கிறாள். அதிலும் சுற்றுச்சூழலைத் தனிப்பாடமாக எடுத்திருக்கிறாள். பொறியியல் முடித்த கையோடு வந்த வேலையை விட்டுவிட்டு மீண்டும் படிக்கப் போகிறாளே என்று அத்தானுக்கு வருத்தம். "வீடு கட்டத் தெரிந்தவளுக்கு இன்னும் என்ன படிப்பு?" என்று அவர் என்னிடமே பலமுறை கேட்டதுண்டு. அவளுடைய வகுப்பு கொல்கத்தாவுக்கு ஆய்வுப் பயணமாக வந்தபோது நானும் அந்நகரில் இருந்தேன். பேராசிரியரின் அனுமதியுடன் ஒருநாள் அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

நகரின் கிழக்கெல்லையில் ஓடும் அகன்ற புறவழிச்சாலையைக் கடந்து, வசந்தி செல்லும் சாலையில் திரும்பியதும் காட்சி மாறுகிறது. ஒருபுறம் தாப்பா என்னுமிடத்தில் நகரத்துக் குப்பை மலையாய் நிற்கிறது. அதன் அருகிலேயே, பழைய குப்பை மக்கி உரமான மண்ணில், காலிஃபிளவரும் கீரையும் செழித்து வளர்கின்றன. சாலையை ஒட்டிக் கரிய நீர் நிறைந்த கால்வாய் வருகிறது. மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் அதனருகே நிற்க இயலாது. ஆனால் இன்னும் சற்றுத் தொலைவு சென்றால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை வானத்தைப் பிரதிபலிக்கும் நீர்ப்பரப்பு! கரையில் ஆகாயத்தாமரை; நடுவே வலை வீசும் ஓடங்கள்; நாரைகளும் நீர்க்காகங்களும். மூக்கைப் பொத்திய கை தானே கீழிறங்குகிறது.

இக்குளங்களை வங்க மக்கள் 'பேரி' என்கின்றனர். கழிவுநீரைக் கால்வாயிலிருந்து அளவாக இவற்றுள் விடுகின்றனர். குளத்தின் ஆழம் மூன்று, நான்கு அடிக்கு மேல் இராது. ஆகவே கதிரவன் ஒளி அடிவரை செல்லும். நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன; சிதைந்த சத்தை உண்டு பாசி வளர்கிறது; பாசி பகலில் நீருக்கு உயிர்வளி ஊட்டுகிறது; வெயிலும் பாசியும் சேர்ந்து நோய்க் கிருமிகளைப் பெருமளவு மாய்க்கின்றன. பாசி மிகுந்துவிட்டால் நீர் கெடுமன்றோ? அதற்குத்தான் மீன்கள். ரோகு, கட்லா, மிர்கால் ஆகியவற்றோடு, நம் ஊரில் ஜிலேபிக் கெண்டை என்கிறோமே, அதுவும் இங்கே வளர்கிறது. கரையோர ஆகாயத்தாமரை அலையினின்று மண்கரையைக் காக்கிறது. நீரிலுள்ள கன உலோகங்களையும் ஓரளவு உறிஞ்சிக்கொள்கிறது. குளத்தினின்று வெளியேறும் நீர் நெல்வயலுக்குப் பாய்கிறது. நகரம் கழித்ததை நகரத்துக்கே மீனாகவும் காய்கறியாகவும் அரிசியாகவும் திருப்பித் தரும் இந்நிலத்தின் பரப்பு 12,500 ஹெக்டேர். ஆண்டுக்குப் பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்ட மீன் இங்கிருந்து நகரச் சந்தைகளுக்குச் செல்கிறது.

இவ்வமைப்பை எந்தப் பொறியாளரும் வரைந்து தரவில்லை. மீனவரும் உழவரும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதே இது. அதனை உலகறியச் செய்தவர் ஒரு பொறியாளர். மேற்கு வங்க அரசில் பணியாற்றிய துருவஜோதி கோஷ், 1980-களின் தொடக்கத்தில், நகரின் கழிவுநீர் என்னவாகிறது என்று கண்டறியும் பொறுப்பை ஏற்றார். அலுவலகத்தில் அமர்ந்து கோப்புகளைப் புரட்டாமல், அவர் கால்வாயின் போக்கிலேயே சென்று பார்த்தார்; மீனவரிடம் மாணவராய் அமர்ந்தார். 1990-இல் ஐக்கிய நாடுகள் சபையின் 'குளோபல் 500' விருது அவருக்குக் கிடைத்தது. 2018-இல் அவர் காலமானார். 1992-இல் கொல்கத்தா உயர் நீதிமன்றம் இந்நிலத்தை வேறு பயனுக்கு மாற்றலாகாதென்று தீர்ப்பளித்ததற்கும், 2002-இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் இது உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலமாக ஏற்கப்பட்டதற்கும் அவர் வரைந்த வரைபடங்களும் எழுதிய அறிக்கைகளும் பெருந்துணை புரிந்தன. 2006-இல் இதனைக் காக்க மாநில அரசு தனிச் சட்டமே இயற்றியது.

மாணவர்களுக்கு அன்று மற்றொரு காட்சியும் காட்டப்பட்டது. வடக்கே தெரிந்த அடுக்குமாடிகளைச் சுட்டி, அது சால்ட் லேக் என்றார் பேராசிரியர். நாட்டுப் பிரிவினைக்குப்பின் அகதிகளால் நிரம்பி வழிந்த நகருக்குப் புதிய குடியிருப்பு வேண்டியிருந்தது. முதலமைச்சர் விதான் சந்திர ராயின் முயற்சியால் 1962-இல் பணி தொடங்கி, ஹூக்ளி ஆற்று வண்டலைக் குழாய்வழியே கொணர்ந்து உவர் ஏரியையும் மீன்குளங்களையும் தூர்த்தார்கள். வீடற்றோர்க்கு வீடு தருவது அறமே. அதனை யாரும் குறைகூற இயலாது. ஆனால் தூர்க்கப்பட்ட குளங்கள் அதுவரை செய்துவந்த வேலையை இனி யார் செய்வார் என்ற கேள்வியை அன்று கேட்டவர் சிலரே. நகர் ஊரமைப்புக் கல்வியில் சுற்றுச்சூழலுக்கு இடம் தருவதன் பொருள் இதுதான்: கட்டுவதற்கு முன் அவ்விடம் ஏற்கெனவே என்ன பணி செய்துகொண்டிருக்கிறது என்று கேட்டறிவது.

இக்கேள்வி நம் நாட்டுக்குப் புதிதன்று. ஸ்காட்லாந்து நாட்டு உயிரியல் அறிஞர் பேட்ரிக் கெடிஸ் 1914-இல் இந்தியா வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை, சென்னை மீது குண்டு வீசிய அதே எம்டன் கப்பல் மூழ்கடித்துவிட்டது. அவர் மனம் தளராமல் மீண்டும் பொருள்களைச் சேர்த்து 1915-இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். மதுரை, தஞ்சை முதலிய நகரங்களையும் கண்டார். 1919-இல் கொல்கத்தாவின் பரா பஜார் பகுதியைப் பற்றியும் அறிக்கை தந்தார். மருத்துவர் நாடி பார்த்தபின் மருந்து தருவதுபோல், நகரை நடந்து பார்த்தபின்பே திட்டம் தீட்ட வேண்டும். இடிப்பதை இயன்றவரை குறைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சீ' சுற்றுமடலும், நகரைத் திட்டமிடுகையில் அங்கு வாழ்வோரின் கருத்து எப்போதும் இடம்பெற வேண்டும் என்று வலியுறுத்துகிறது.

அங்கு வாழ்வோரின் கருத்தை அன்று பிற்பகல் நேரிலேயே கேட்டோம். குளக்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை மாணவர்கள் 'தாதா' என்று அழைத்துச் சூழ்ந்துகொண்டனர்; வங்க மாணவன் ஒருவன் மொழிபெயர்த்தான். நீரின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே எப்போது மடையைத் திறப்பது, எப்போது அடைப்பது என்று தாம் அறிவதாக அவர் சொன்னார். பிறகு அவர் குரல் தாழ்ந்தது.

"கால்வாயில் சேறு மண்டிவிட்டது. தண்ணீர் வந்தால் மீன் வரும். தண்ணீர் வராவிட்டால் நிலத்தரகர் வருவார். என் மகன் நகரத்தில் காவலாளி வேலைக்குப் போகிறான். நீங்கள் படித்துச் சர்க்கார் வேலைக்குப் போவீர்கள். அப்போது இந்த இடத்தைக் காகிதத்தில் என்னவென்று எழுதுவீர்கள்?"

யாரும் உடனே விடை சொல்லவில்லை. சட்டமும் தீர்ப்பும் இருந்தும், ஓரங்களில் குளங்களைத் தூர்க்கும் வேலை முற்றிலும் நின்றபாடில்லை என்பதை அவர்கள் அன்று காலையிலேயே கண்டிருந்தார்கள். திரும்பும் வழியில் என் மருமகள் சொன்னாள்: "மாமா, எப்படிக் கட்டுவதென்று நாலு வருஷம் படித்தேன். எங்கே கட்டக்கூடாதென்று இப்போதுதான் படிக்கிறேன்."

அந்த முதியவரின் கேள்வி நமக்கும் உரியது. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நம் முன்னோர் கழுவெளி என்றனர். தென்சென்னையின் பல ஏரிகளினின்று வழியும் உபரிநீர் அங்கே தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கிச் செல்லும். பயனற்ற நிலம் என்று காகிதத்தில் எழுதப்பட்டதால் அங்கே குப்பை கொட்டினோம்; சாலையும் மாளிகையும் எழுப்பினோம். 2015 டிசம்பரில் வெள்ளம் வேளச்சேரி வீடுகளுக்குள் புகுந்தபோது, அந்நிலம் செய்துவந்த பணி என்னவென்று விளங்கிற்று. எஞ்சியதில் 1,247 ஹெக்டேர் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது ஓர் ஆறுதல்.

நம் குடும்பங்களில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளுக்கு மருத்துவமும் பொறியியலுமே தெரிகின்றன. நகர் ஊரமைப்பில் நான்காண்டு இளநிலைப் படிப்பு உண்டு. தில்லி, போபால், விஜயவாடா ஆகிய இடங்களில் இதற்கென மத்திய அரசின் கல்வி நிறுவனங்கள் உள்ளன. ஜே.இ.இ. மெயின் தேர்வில் இதற்கெனத் தனித்தாளும் உண்டு. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் ஈராண்டு முதுநிலைப் படிப்பு நடைபெறுகிறது. கட்டடவியல், பொறியியல் படித்தோர் மட்டுமன்றிப் புவியியல், பொருளியல், சமூகவியல் பயின்றோரையும் சில நிறுவனங்கள் முதுநிலையில் சேர்த்துக்கொள்கின்றன. நிலத்தின் சரிவு, நீரின் போக்கு, மக்கள்தொகை, போக்குவரத்து, சட்டம் அனைத்தையும் ஒருங்கே கற்கும் படிப்பு இது. வகுப்பறையில் பாதி, வெயிலில் பாதி.

அத்தானுக்கு இன்னும் முழுமனம் வந்துவிட்டதென்று சொல்ல மாட்டேன். ஆயினும், சென்ற மழைக்காலத்தில் தம் ஊர் ஏரியின் கலிங்கை அடைத்து எழுந்திருந்த புதுச்சுவர் ஒன்றைக் கண்டதும், மகளைத் தொலைபேசியில் அழைத்து, இதற்கு யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஒரு வீட்டில் ஒருவர் கற்றால் வீடே கற்கத் தொடங்கும். அவ்வாறு கற்கும் வீடுகள் பெருகுமாயின், ஏரிகளுக்கும் கழுவெளிகளுக்கும் பரிந்து பேச ஊர்தோறும் ஆள் இருக்கும்.